சவ்வாது மலைச் சாரலில் ஒரு விருந்து வழிகாட்டி

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வள்ளலின் ஊருக்கு வழிசொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளுள் 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் சவ்வாது மலைச் சாரலுக்கு உரியது. பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மாவே இன்றைய செங்கம். அதில் வரும் சேயாறு, இம்மலையில் பிறக்கும் செய்யாறு.

பெருங்கௌசிகனார் வழியோடு உணவையும் சொல்கிறார். மலைச்சீறூரில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும்; மூங்கிற்குழாயில் முதிர்ந்த தேறல்; ஆயர் குடியில் பால்; அப்பால் மூங்கிலரிசியும் நெல்லரிசியும் அவரையும் சேர்ந்த புளிங்கூழ்.

1900இல் பிரான்சில் மிஷலின் நிறுவனம் வாகன ஓட்டிகளுக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. இன்று பாஸ்க் கடற்கரை நகரான சான் செபஸ்தியானின் உணவகங்களை உலகம் அந்நூலின் நட்சத்திரங்களால் அளக்கிறது. நம் புலவரோ விருந்தோம்பும் மனத்தை அளந்தார். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் என்றால் போதும். தம் இல்லம்போல் நுழையலாம், உறவினர்போல் உண்ணலாம்.

இன்றும் இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைவிக்கின்றனர். சிறுதானியத்தை ஏழையின் உணவென்று நெடுங்காலம் ஒதுக்கிய நாம், இப்போது மருந்தாக எண்ணிப் பொட்டலத்தில் வாங்குகிறோம். மலைபடுகடாத்தில் அது விருந்தினருக்கு இட்ட சோறு.