ஒரு காயிலா, நாலு காயிலா? பழைய கார் சொல்லும் நூறு வருடக் கதை



பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் சாம்பல் நிற உறை போர்த்தி நிற்கும் காரைப் பற்றிச் சென்ற பொதுக்குழுவில் இரண்டு பேர் கேட்டீர்கள். ஒருவர், "அது ஓடுமா, இல்லை நிரந்தரமாக அங்கேயேதானா?" என்றார். இன்னொருவர், "ஞாயிற்றுக்கிழமை முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டு என்னதான் செய்கிறீர்கள்?" என்றார். முதல் கேள்விக்குப் பதில்: ஓடும். இரண்டாவது கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

அது அப்பா 1972-ல் வாங்கிய கார். எண்பதைத் தாண்டிய அம்மாவுக்குக் கோவிலுக்குப் போக அந்தக் கார்தான் வேண்டும். போன மழைக்காலத்தில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும்போது நடுச்சாலையில் நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். குடையைப் பிடித்தபடி துடைத்து, உலர்த்தி, மறுபடி கிளப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துவிட்டு, இப்போதைய கார்கள் மாதிரி பிளக்குக்கு ஒரு காயில் வைத்துவிடலாம் என்றாள் மகள். நாற்பது வருடமாக இந்தக் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கூடவே கூடாது என்றார். யார் பக்கம் நியாயம் என்று பார்க்கத்தான் பழைய வரலாற்றைப் புரட்டினேன்.

தண்ணீர் மோட்டார் கணக்கு

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டதும், சரியான கணத்தில் பிளக்கில் ஒரு பொறி விழவேண்டும். பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். அதை உண்டாக்குவது காயில். அதற்குள் தடித்த கம்பி சில நூறு சுற்று, மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்று இருக்கும். தடித்த கம்பியில் ஓடும் கரண்ட்டைச் சட்டென்று நிறுத்தினால், மெல்லிய கம்பியில் அந்த உயர் அழுத்தம் பிறக்கும். நிறுத்தும் வேலையைச் செய்வது சி.பி. பாயிண்ட்.

காயில் ஒன்று, பிளக் நாலு என்றால் எப்படிப் பங்கிடுவது? ஒரே மோட்டார் உள்ள வளாகத்தில் வாட்ச்மேன் ஏ பிளாக், பி பிளாக் என்று ஒவ்வொரு வால்வாகத் திறந்துவிடுகிறார் அல்லவா? அந்த வாட்ச்மேன்தான் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் சுற்றும் ரோட்டர் 1, 3, 4, 2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குக் கரண்ட்டை அனுப்பும். பிளக்குக்கு ஒரு காயில் என்பது பிளாக்குக்கு ஒரு மோட்டார் போட்ட மாதிரி. வால்வே தேவையில்லை.

முதலில் வந்ததே நாலு காயில்தான்

பிளக்குக்கு ஒரு காயில் என்பது கம்ப்யூட்டர் காலத்துப் புதுமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி காரில், டிரைவருக்கு முன்னால் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் மரக்கூடு போட்ட நாலு காயில்கள், சிலிண்டருக்கு ஒன்றாக. ஒவ்வொன்றின் தலையிலும் அதிரும் தகடு ஒன்று. கரண்ட் வந்ததும் அது வண்டு மாதிரி ரீங்காரமிட்டு, ஒரு பொறிக்குப் பதில் வரிசையாகப் பல பொறிகளைத் தரும். எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் என்பதை இன்ஜின் முன்பக்கத்தில் சுற்றும் டைமர் முடிவு செய்யும். பொறியை முன்னே பின்னே நகர்த்த ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு நெம்புகோல். அதை டிரைவர்தான் கையால் தள்ளவேண்டும்.

குறையும் அங்கேயே இருந்தது. நாலு தகடும் ஒரே மாதிரி அதிரவேண்டும். ஒன்று கொஞ்சம் தாமதித்தாலும் அந்தச் சிலிண்டர் பின்தங்கும், இன்ஜின் குலுங்கும். செலவும் நாலு காயிலுக்கு.

கெட்டரிங்கின் சிக்கனம்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், கடைகளுக்கான கல்லா இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் சார்லஸ் கெட்டரிங். நண்பர் எட்வர்டு டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில் மாலை நேரங்களில் அவர் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன், 1910 மாடல் கேடிலாக் காரில் வந்தது. அதிரும் தகடுகள் போயின. பல பொறிகளுக்குப் பதிலாகச் சரியான கணத்தில் ஒரே ஒரு நல்ல பொறி. அவர்கள் தொடங்கிய நிறுவனமே டெல்கோ. 1912 கேடிலாக்கில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டரும் வந்ததும், காரில் பேட்டரியும் ஜெனரேட்டரும் நிரந்தரமாயின. பேட்டரி இருந்தால் ஒரு காயில், ஒரு பாயிண்ட், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் போதும். மாடல் டிக்கு அடுத்து வந்த மாடல் ஏ-யில் ஃபோர்டும் ஒரே காயிலுக்கு மாறியது.

இது எவ்வளவு மலிவான, உறுதியான ஏற்பாடு என்றால், ஏறத்தாழ அறுபது வருடம் உலகம் முழுக்க இதுவே ஓடியது. நம் நாட்டு அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றிலும் இதே அமைப்புதான். சென்னை பாடியில் பஸ் நிறுத்தத்துக்கே பெயர் கொடுத்திருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். 1961-ல் தொடங்கியது, இப்படிப்பட்ட மின்பாகங்களை உள்நாட்டிலேயே செய்யத்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக்கட்டிகளும் ஸ்பிரிங்குகளும் வேகத்துக்கு ஏற்பப் பொறியைத் தானாக முன்னே தள்ளும். மாடல் டி டிரைவர் கையால் செய்த வேலையை அவை செய்தன.

எங்கே மூச்சு வாங்கியது

ஒரு சின்னக் கணக்கு. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 பொறி வேண்டும். ஒரே காயில் என்றால், ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையில் நொடியில் நூறில் ஒரு பங்குதான். அதற்குள் காயில் மறுபடி நிரம்பவேண்டும். எட்டு சிலிண்டர் இன்ஜின் 6,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 400 பொறி. காயில் அரைகுறையாக நிரம்பும், பொறி வலுவிழக்கும். நாலு காயில் இருந்தால் 3,000 சுற்றில் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 25 பொறிதான். நிரம்ப நாலு மடங்கு நேரம் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை தேய்மானம். பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ. அது தேயத் தேய டைமிங்கும் நகரும், பெட்ரோல் சரியாக எரியாது. அமெரிக்காவில் 1970-ல் வந்த தூய காற்றுச் சட்டம் இதைப் பொறுக்கவில்லை. 1973 மாடலில் கிரைஸ்லர் தன் அமெரிக்கக் கார்களில் பாயிண்ட்டை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டரை வைத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் அப்போதும் போகவில்லை.

அது இல்லாமலே ஓடும் வழியை பிரான்ஸின் எளிய கார் ஒன்று 1948-லேயே காட்டியிருந்தது. இரண்டு சிலிண்டர் கொண்ட சிட்ரோயன் 2சிவி-யில் ஒரே காயில் இரண்டு பிளக்கிலும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்று வேலை செய்யும், மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போகும். அதனால் கெடுதல் இல்லை. 1984-ல் ப்யூக்கின் டர்போ வி6 இன்ஜின் இதே யோசனையைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, ஆறு சிலிண்டருக்கு மூன்று காயில் வைத்தது. 1980-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் சாப், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயிலை உட்காரவைத்தது. மாடல் டி-யின் நாலு காயில் திரும்பி வந்துவிட்டது. அதிரும் தகட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர். டைமருக்குப் பதில் சென்சார்.

அப்படியானால் மாற்றலாமா?

வேலை சுருக்கமாக இதுதான். கிராங்க் புல்லியில் ஒரு பல்சக்கரம் பொருத்தவேண்டும். 36 பல்லுக்கான இடத்தில் 35 பல். விடுபட்ட பல்லைப் பார்த்துச் சென்சார் இன்ஜினின் நிலையைத் தெரிந்துகொள்ளும். ஆனால் அதற்கு முழு விவரம் தெரியாது. சிலிண்டர் ஒன்று மேலே வரும்போது அது பொறிக்கான நேரமா, புகை வெளியேறும் நேரமா என்று சொல்ல, பாதி வேகத்தில் சுற்றும் தண்டு ஒன்று வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. எனவே காயலாங்கடையில் வாங்கிய இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டரின் உடலுக்குள் இரண்டாவது சென்சாரை வைத்தோம். சில இன்ஜின்களில் அந்தத் தண்டே ஆயில் பம்ப்பையும் சுற்றும். யோசிக்காமல் பிடுங்கினால் இன்ஜினே போய்விடும். இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்கவும்.

அண்ணன் சொன்னதும் பொய்யில்லை. பாயிண்ட் கெட்டால் உப்புத்தாளால் தேய்த்து, விசிட்டிங் கார்டை நுழைத்து இடைவெளி பார்த்து வீடு வந்து சேரலாம். நாலு காயிலில் ஒன்று போனாலும் மூன்று சிலிண்டரில் நகரலாம். ஆனால் கிராங்க் சென்சார் போனால் கயிறு கட்டி இழுக்கவேண்டியதுதான்.

சட்டமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் கடந்து மூல வடிவிலேயே, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனி எண்ணில் பதியலாம். அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதனால் வெல்டிங் கிடையாது, துளை கிடையாது. எல்லாம் இருக்கிற போல்ட்டிலேயே மாட்டியிருக்கிறது. பழைய காயில் அதே இடத்தில், கம்பி மட்டும் பிரித்து வைத்திருக்கிறோம். அப்பா காலத்து டிஸ்ட்ரிபியூட்டர், இடைவெளி சரிபார்த்த பாயிண்ட்டோடு, துணியில் சுற்றி டிக்கியில். அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் அண்ணன் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

போன மாதம் தூறலிலேயே அம்மாவைக் கோவிலுக்கு அழைத்துப் போய் வந்தேன். நிற்கவில்லை. என்ன மாற்றினோம் என்று அம்மா கேட்கவும் இல்லை.

பார்க்க விரும்புபவர்கள் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள். புகை காரணமாக பேஸ்மென்ட்டில் இன்ஜினை ஓட்டமாட்டேன். கேட் பக்கத்து விசிட்டர் பார்க்கிங்கில் நிறுத்தியிருப்பேன். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். இன்ஜின் ஓடும்போது பிளக் கம்பியை மட்டும் யாரும் தொடவேண்டாம்.