57 ஆண்டுகள் காத்திருந்த கல்லறை

நாட்டிற்காக உயிர் நீத்த வீரனுக்கு அந்நாடு செலுத்தும் கடைசிக் கடன் மரியாதையுடன் கூடிய நல்லடக்கமாகும். அக்கடனும் ஆளின் நிறம் பார்த்துச் செலுத்தப்பட்ட காலம் உண்டு. அமெரிக்கக் கறுப்பின வீரர் கார்னீலியஸ் சார்ல்டனின் வரலாறு இதனைக் காட்டும். சாவிலும் தனிச் சுடுகாடு, சவம் சுமந்து செல்லும் பாதைக்கும் தடை என்னும் கொடுமைகளை அறிந்த நாம், இவ்வரலாற்றைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும்.

சார்ல்டன் 1929ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் 17 பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். 1946இல் இராணுவத்தில் சேர்ந்தார். கொரியப் போரின்போது அலுவலகப் பணியில் அமர்த்தப்பட்டிருந்தும், போர்முனைக்கு அனுப்புமாறு தாமே வேண்டிப் பெற்றார். அவர் சென்று சேர்ந்தது 24ஆம் காலாட்படை ரெஜிமெண்ட். படைகளில் இன வேறுபாடு கூடாதென அதிபர் ட்ரூமன் 1948 ஜூலை 26இல் ஆணையிட்டிருந்தும், கறுப்பின வீரர்களைத் தனியே பிரித்து வைத்த படையாகவே அது நீடித்தது. 1951 அக்டோபரில்தான் கலைக்கப்பட்டது.

1951 ஜூன் 2ஆம் நாள், சிபோரி என்னும் ஊரருகே குன்றொன்றைக் கைப்பற்றும் போரில் பிளாட்டூன் தலைவர் படுகாயமுற்றார். சார்ஜண்டாக இருந்த சார்ல்டன் உடனே தலைமை ஏற்றார். மார்பில் காயமுற்றும் சிகிச்சையை மறுத்து, மீண்டும் வீரர்களைத் திரட்டிக் குன்றின் உச்சியை அடைந்தார். மறுசரிவில் எஞ்சியிருந்த பகைவரின் அரண்மீது தனியொருவராகப் பாய்ந்து அதனை அழித்தார். கையெறி குண்டின் காயத்தால் மாண்டார். அப்போது அவருக்கு வயது 21.

நாட்டின் மிகவுயர்ந்த வீர விருதான ‘மெடல் ஆப் ஆனர்’ பதக்கம் 1952இல் அவருடைய தாய் தந்தையரிடம் வழங்கப்பட்டது. இப்பதக்கம் பெற்ற வீரரை ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்ய உரிமையுண்டு. அங்கும் நிறத்திற்கொரு பகுதி என்றிருந்த வழக்கம் 1948இலேயே ஒழிந்துவிட்டது. ஆயினும் சார்ல்டனுக்கு அங்கு இடம் கிட்டவில்லை. வர்ஜீனியாவின் போகஹான்டஸ் ஊரில், கறுப்பினத்தவருக்கான தனி இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். காலப்போக்கில் அவ்விடம் கவனிப்பாரற்றுப் புதர் மண்டிப்போயிற்று. அலுவலக நடைமுறையில் நேர்ந்த கவனக்குறைவே காரணம் என்றது இராணுவம். நிறவேற்றுமையே காரணம் என்றனர் குடும்பத்தார்.

1989இல் இந்நிலை பதக்கம் பெற்ற வீரர்களின் சங்கத்தாருக்குத் தெரியவந்தது. 1990இல் உடல் பெக்லி நகரிலுள்ள முன்னாள் படைவீரர் இடுகாட்டிற்கு மாற்றப்பட்டது. அங்கு அடக்கமாகியிருந்த ஏறத்தாழ 250 பேருள் கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. 1990களின் இறுதியில் கட்டப்பட்ட இராணுவச் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர் கடலில் உலவியது. உடலோ உரிய இடம் சேரவில்லை. குடும்பத்தார் தம் கோரிக்கையைக் கைவிடவில்லை. இறுதியில் 2008 நவம்பர் 12ஆம் நாள், முழு இராணுவ மரியாதையுடன் சார்ல்டன் ஆர்லிங்டன் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். அந்நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாக அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அன்றைக்கு எட்டே நாட்கள் ஆகியிருந்தன.

இளைஞர்களே! ஏட்டில் சமத்துவம் எழுதப்பட்ட பின்னரும் அது ஓர் இளைஞனின் கல்லறையை எட்ட 57 ஆண்டுகள் ஆயின. காலம் மட்டும் கடந்திருந்தால் அதுவும் நடந்திராது. இன்ன நாளில், இன்ன களத்தில், இன்ன செயல் புரிந்தார் என்னும் பதிவு இருந்தது. அதனைக் கையிலேந்தி வாதிட உறவினரும் முன்னாள் வீரரும் இருந்தனர். பழைய சென்னைப் படையிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் பணியாற்றினர். நம் இல்லங்களில் அத்தகைய முன்னோரின் பணிச் சான்றிதழோ, பதக்கமோ, பழைய நிழற்படமோ இருக்குமாயின், அதனைப் பேணிக் காத்து, பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் நம் கடமையாகும். நம்மிடம் எழுத்து இருந்தால்தான் நாளை நாம் உரிமை கேட்க இயலும்.