முதுமையிற் கண்ணிழந்தோரும் மருத்துவச் சாலைகளும்

தமிழகத்துப் பண்டை மருத்துவத்தை ஆராய்வோர் திருமுக்கூடல் கல்வெட்டினை முதற்கண் எடுத்துக்காட்டுவர். வீரராசேந்திர சோழன் காலத்ததாய, பதினோராம் நூற்றாண்டின் இக்கல்வெட்டு, 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையில் 15 கிடக்கைகள் இருந்தமையையும், மருத்துவர், சல்லியக் கிரியை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு வகுத்த நிவந்தங்களையும் விளங்க உரைக்கின்றது. சேமித்து வைத்த மருந்துகளுள் 'சுநேத்திரி' என்பதும் ஒன்று. நற்கண் என்னும் பொருள்படும் அப்பெயரே அதன் பயனைச் சுட்டுவதாகலாம்.

ஆயின், இச்சாலை யாவர்க்கு உரியது? கல்வெட்டுக் குறிப்பது கோயிற் பணியாளரையும் அங்குப் பயின்ற மாணாக்கரையுமே. கண்புரை படர்ந்து திண்ணையில் முடங்கிய உழவர்குடி முதியோர் அதன்கண் பேசப்படவில்லை. நிவந்தம் உரைப்பதே கல்வெட்டின் நோக்கமாதலின் இதனைக் குறையென்றல் பொருந்தாது. எனினும், இவ்வொன்றனையே சான்றாகக் கொண்டு சோழநாட்டார் அனைவர்க்கும் மருத்துவம் கிட்டிற்று எனக் கூறுதல் மிகையாம்.

1819-இல் சென்னையில் கண் மருத்துவமனை தோன்றிற்று. தஞ்சை இரண்டாம் சரபோசி மன்னர் காலத்துக் கண்நோயாளர் குறிப்புகளும், கண்களின் ஓவியங்களும் சரசுவதி மகாலில் உள்ளன. மருத்துவ அறிவு வளர்ந்தமைக்கு இவை சான்றே. ஆயினும் மருத்துவமனை நகரில் இருந்தது. கண்ணிழந்த முதியவரோ சிற்றூரில் இருந்தார். அவரைக் கைப்பிடித்து அழைத்துவர ஒருவர் வேண்டும். அவர்தம் கூலியும் போம். கண்புரை அறுவையால் தீர்க்கத்தக்கதாயிருந்தும் ஏழை நாடுகளில் முதியோரைக் குருடராக்கி வைத்தமைக்கு இவ்வழித்தொலைவும் வறுமையும் பெருங்காரணங்களாம்.

இதனை உணர்ந்து செயற்பட்டவர் கோ. வெங்கடசாமி (1918–2006). முடக்குவாதத்தால் விரல்கள் கோணியபோதும் அறுவைத்தொழிலைப் பயின்று தேர்ந்த இவர், அரசுப் பணியினின்று ஓய்வுபெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர்தோறும் முகாம் நடத்தி, அறுவை வேண்டுவோரை வண்டியேற்றிக் கொணர்ந்து, உணவளித்து, மீண்டும் ஊர் சேர்ப்பித்த முறையே இவர்தம் பணியில் தலையாயது என்பது எம் கருத்து.

மற்றொரு தடையும் இருந்தது. புரையேறிய வில்லையை அகற்றியபின் தடித்த கண்ணாடி அணிதல் வேண்டும். அஃது உடையின் முதியவர் மீண்டும் தடுமாறுவர். கண்ணினுள் பொருத்தும் வில்லை அந்நாளில் அயல்நாட்டினின்று பெருவிலைக்கு வந்தது. 1992-இல் மதுரையில் நிறுவப்பெற்ற அரோலாப் அவ்வில்லைகளைக் குறைந்த விலையில் ஆக்கத் தலைப்பட்டது. அவை பிற வளரும் நாடுகளுக்கும் செல்லலாயின.