சால்வையும் குஞ்சமும்

அரிமளத்தில் யாரும் குளிருக்காகச் சால்வை வாங்குவதில்லை. புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவே, மார்கழிப் பனிக்கும் ஒரு துண்டே போதும் என்றிருக்கிற செம்மண் சீமை இது. ஆனாலும் சால்வை என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும்: மேடையேறியவர் தோளில் விழுவது. குளிரில்லாத ஊரில் இந்தச் சொல் எப்படிக் குடியேறியது?

மூலம் பாரசீகத்தின் 'ஷால்'. காஷ்மீரத்துக் கம்பளி நெசவோடு முகலாயர் காலத்தில் அந்தப் பெயரும் தெற்கே இறங்கியது. அக்பருக்குச் சால்வையில் தனி ஈடுபாடு இருந்ததை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயரும் அதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தமிழில் ஒட்டியிருக்கும் 'வை' பாரசீகத்தில் இல்லை. போர்வை, அறுவை, கோவை என்ற நம் சொற்களின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டதால், சால்வை அயற்சொல்லாகவே காதில் படுவதில்லை.

சொல் பிற்காலத்தது, போர்த்தும் வழக்கம் பழையது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் புறநானூறு பாடுகிறது. நாகம் தந்த நீலக் கலிங்கத்தை ஆலமர் கடவுளான சிவனுக்கு அளித்த ஆய் வள்ளலைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. கலிங்கம் என்ற ஆடைப்பெயரைக் கலிங்க நாட்டோடு சேர்த்துச் சொல்வது அறிஞர் வழக்கு. கோயிலில் பரிவட்டம், ஆதீனத்தில் வித்துவானுக்குச் சாதரா, பீதாம்பரம், இன்றைய கூட்டத்தில் பொன்னாடை என மரியாதைக்கு நம்மிடம் துணி எப்போதும் இருந்திருக்கிறது. அந்த இடத்தில்தான் சால்வையும் வந்து அமர்ந்தது. குளிர் உண்மையாகவே வாட்டும் நீலகிரியில், தோடர்கள் வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்து போர்த்துவதற்குப் பூத்துக்குளி என்று சொந்தப் பெயர் உண்டு.

சால்வையின் ஓரத்தில் தொங்கும் குஞ்சத்தின் கதை வேறு. தறியில் நெடுக்கே பாவுவது பாவு. அதன் ஊடே ஓடுவது ஊடை. நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுக்கும்போது பாவு நூலின் நுனிகள் தொங்கும். அவற்றை முறுக்கி முடிச்சிட்டால் குஞ்சம். துணி, துண்டு, துணியின் பழம்பெயரான அறுவை மூன்றுமே வெட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவர் பெயரில் இருப்பது இந்த அறுவைதான். சிலப்பதிகார மதுரையில் அறுவை வீதியே இருந்தது. ஆக, துணிக்குப் பெயர் தந்த வெட்டில்தான் குஞ்சமும் பிறக்கிறது. ஆணின் தலைமுடிக்குப் பழந்தமிழில் குஞ்சி என்று பெயர். பெண்ணின் சடை நுனியில் கட்டுவது குஞ்சலம். குஞ்சமும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

கம்பளி நூலில் கையால் செய்யும் சால்வைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அங்கே தறி இல்லை, பாவும் ஊடையும் இல்லை, அறுப்பும் இல்லை. ஒரே நூலை வளையத்துக்குள் வளையமாக இழுத்துக்கொண்டே போகவேண்டும். இதைத் தமிழர் நெய்வது என்பதைவிடப் பின்னுவது என்றே சொன்னார்கள். திருப்பூர்ச் சரக்குக்குப் பின்னலாடை என்று பெயர் வந்ததும் இதனால்தான். தலைமுடியைப் பின்னுகிற அதே சொல் இது. தறித்துணியில் குஞ்சம் துணியோடு பிறக்கும். பின்னல் சால்வையில் நூலைத் தனியே நறுக்கி ஓரத்தில் கோத்துக் கட்டவேண்டும். சடையிலும் குஞ்சலம் பின்னி முடித்தபிறகு கட்டுவதுதானே! கொக்கி ஊசிக்குப் பிரெஞ்சிலிருந்து 'குரோஷா' வந்தது. அந்த வேலைக்கான சொற்களோ கண்ணாடி முன் நின்று சடை போட்ட வீட்டிலேயே இருந்தன.

அரிமளம் நகரத்தார் ஊர்களில் ஒன்று. பர்மா போய் வந்த வணிகமும், பனையோலைக் கொட்டானுக்கு வண்ண நூலில் உறை பின்னிய ஆச்சிமார் கைவேலையும் இந்த வட்டாரத்துக்குச் சொந்தம். இங்கே ஒருவர் பல நிறச் சால்வை பின்ன உட்கார்ந்தால் பர்மாத் தேக்கின் பழுப்பு, ஆத்தங்குடிக் கல்லின் பச்சை, மண்ணின் சிவப்பு எல்லாம் நூலில் வந்துவிடும். நடுவில் ஒரு மாங்காயும் போடலாம். காஷ்மீரச் சால்வையிலிருந்து ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் நெசவாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் பார்த்து நெய்த கோலம் அது. உலகம் அதை அவர்கள் ஊர்ப்பெயரால் அழைக்கிறது. நாம் காயின் பெயரால் அழைக்கிறோம்.

சால்வை வந்த சொல், குஞ்சம் இருந்த சொல். இரண்டும் ஒரே துணியில் சண்டையில்லாமல் தொங்குகின்றன. பின்னலில் ஒவ்வொரு முடிச்சுக்கும் கண்ணிக்கும் வீட்டுக்கு வீடு பெயர் இருக்கும். அவற்றில் பல இன்னும் அகராதி ஏறவில்லை. உங்கள் வீட்டு ஆச்சியோ அத்தையோ சொல்லும் பெயரை ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள்.