தன் கதையைத் தானே சொன்ன சிறுமி

ஆவணப்படம் என்றதும், படத்தின் பின்னணியில் ஒலிக்கும் ஒரு கனமான குரலே பலருக்கு நினைவுக்கு வரும். திரையில் இருப்பவர் நடப்பார், வேலை செய்வார். அவரைப் பற்றிப் பேசுபவரோ வேறொருவர். இந்த வழக்கத்தை விட்டு விலகி, பிள்ளைகளையே பேச வைத்த முயற்சிகளில் ஒன்று 1970களில் கனடாவில் நடந்தது.

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சன் அதன் முதல் ஆணையர். 1974ஆம் ஆண்டில், பெண் இயக்குநர்களுக்காக ‘ஸ்டுடியோ டி’ என்ற தனிப் பிரிவை அவ்வாரியம் அமைத்தது. கேத்லீன் ஷானன் அதற்குத் தலைமை ஏற்றார். அங்குப் பணியாற்றிய பெவர்லி ஷாஃபர், ‘கனடாவின் பிள்ளைகள்’ என்ற குறும்பட வரிசையை இயக்கினார்.

மாட்டுப் பண்ணை நடத்தும் சீக்கியக் குடும்பத்துச் சிறுவன், பார்வையற்ற சிறுவன், கலங்கரை விளக்கத் தீவில் வளரும் சிறுவன், பூர்வகுடிச் சிறுவன் என இவ்வரிசையில் பல உண்மை வாழ்க்கைகள் இடம்பெற்றன.

அவற்றுள் 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நான் ஒரு வழி கண்டுபிடிப்பேன்’ என்ற படம் உலகின் கவனத்தை ஈர்த்தது. அது சுமார் 25 நிமிடம் ஓடும். பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறைபாடு உடைய 9 வயதுச் சிறுமி, தன் உடல்நிலையையும் அன்றாட வாழ்க்கையையும் தானே விளக்குகிறாள். மற்ற பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அங்குச் சிலர் கேலி செய்யக்கூடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்கு அவள் தரும் பதில்தான் படத்தின் பெயர்.

1978ஆம் ஆண்டில் இப்படத்திற்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. விருதைவிட முக்கியமானது, பார்க்கும் இளையர்களிடம் அது ஏற்படுத்தக்கூடிய மாற்றம். மருத்துவரோ ஆசிரியரோ அவளைப் பற்றிப் பேசியிருந்தால், “பாவம்” என்ற இரக்கத்தோடு முடிந்திருக்கும். அவளே பேசுவதால், பார்க்கும் பிள்ளைக்கு அவள் தன் வயதுத் தோழியாகத் தெரிகிறாள்.

இயக்குநரும் அவளை மறந்துவிடவில்லை. வளர்ந்து திருமணத்திற்குத் தயாரான அப்பெண்ணை மீண்டும் சந்தித்து, 1999ஆம் ஆண்டில் இன்னொரு படம் எடுத்தார். ‘ஸ்டுடியோ டி’ 1996ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது.

இன்று கைத்தொலைபேசி இருந்தாலே மாணவர்களால் குறும்படம் எடுக்க முடிகிறது. முதியவரையோ உடற்குறையுள்ள நண்பரையோ படம்பிடிக்கும் முன், அவர் கதையைச் சொல்லப்போவது யார் என்று அவர்கள் யோசிப்பது நல்லது. சொல்லும் உரிமை முதலில் அவருக்கே உண்டு.