ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

ஆணுறை இல்லாமல் ஒரு உறவு. அடுத்த இரண்டு வாரமும் குளியலறையில் கொப்புளம் தேடுவார்கள். லேசான எரிச்சல் போதும், ஹெர்பிஸ்தான்னு முடிவு கட்டித் தூக்கம் போய்விடும். ஹெர்பிஸ் புண் வந்தால் பெரும்பாலும் 2 முதல் 12 நாளில் வரும். ஆனால் வைரஸ் தொற்றிய பலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. கண்ணை நம்பிப் பயனில்லை.

எச்.ஐ.வி. இதைவிட மோசம், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். நம்ம ஊரில் இல்லை, வெளிநாட்டு வியாதின்னு இருந்த காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் சொல்லி, பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். 80 மாதிரிக்கு மேல். வைத்திருந்தது வீட்டு ஃப்ரிட்ஜில்! சென்னையில் சோதிக்க வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயில். எங்க திருவாலங்காடு, அரக்கோணம் தாண்டிக் காட்பாடி, அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் 6 மாதிரிகள் பாசிட்டிவ். இந்தியாவில் அதுதான் முதல் முறை.

எனக்கு உறுத்துவது வேறு. எதற்கு இந்த ரத்தம்னு அந்தப் பெண்களிடம் சொல்லவேயில்லை. பயப்படக்கூட அவர்களுக்கு வழியில்லை. இன்றைக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் முதலில் உட்கார்ந்து பேசுவார், சம்மதம் கேட்டுத்தான் ஊசி, காசும் கிடையாது. ஹெர்பிஸ் சந்தேகம்னா பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகணும், அதுவும் புண் ஆறுவதற்குள்.