உறையாத நீரை அளந்த வரலாறு

நீர் 0 பாகை செல்சியசில் உறையும் என்று பள்ளியில் பயில்கிறோம். மலைமேல் மிதக்கும் முகில் இவ்விதிக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. உறைவதற்குப் பற்றுக்கோடாக ஒரு நுண்துகள் கிடைக்காதவிடத்து, முகிலின் நீர்த்துளிகள் கழியக்குறி 38 பாகை வரையிலும் நீராகவே நிற்கக் கூடும். இதனை மீக்குளிர் நீர் என்கிறோம்.

மேற்கு அமெரிக்காவின் ஆறுகளுள் பல, குளிர்காலத்தில் மலைகளில் குவியும் வெண்பனி உருகுவதாலேயே கோடையில் பெருகுகின்றன. ஆதலின், முகிலில் எவ்வளவு நீர் உள்ளது, அதில் எவ்வளவு நிலத்தில் விழுகிறது என்னும் இரு வினாக்களும் அங்கு வாழ்வோரின் வயலையும் குடிநீரையும் பற்றியவை.

இரண்டாம் வினாவுக்கே முதலில் கருவி வாய்த்தது. அதனைத் தந்தவர் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழி கற்பித்த ஜேம்ஸ் சர்ச் என்பது மொழி பயிலும் நமக்கு உவகை தரும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோஸ் மலையின் பனியில் நீண்ட எஃகுக் குழாயைச் செருகி எடுத்து, உள்ளே சிக்கிய பனியை நிறுத்து, அது உருகினால் எவ்வளவு நீராகும் என்று அவர் கணித்தார். புயல் வீசும்போதே அளப்பது இதனினும் அரிது. காற்று பனியிதழ்களை அளவுகலத்தின் வாய்க்கு அப்பால் அடித்துச் செல்வதால், விழுந்ததைவிடக் குறைவாகவே கலம் காட்டும். இதற்கென 1937இல் ஆல்ட்டர் என்பார் காற்றுத் தடுப்பொன்றை அமைத்தார்.

முதல் வினாவுக்கு வருவோம். பனிப்படிகத்தின்மேல் நீராவியின் நிறைவழுத்தம், மீக்குளிர் நீரின்மேல் உள்ளதைவிடக் குறைவு. எனவே இரண்டும் ஒரே முகிலில் இருப்பின், துளிகள் ஆவியாகித் தேய, படிகம் வளர்ந்து விழும். இக்கருத்தை வெகனர் 1911இல் எழுதினார். 1922இல் நார்வேயின் மலைக்காடொன்றில் மூடுபனியைக் கூர்ந்து நோக்கிய பெர்யெரோன் இதனை மழைக்கு உரிய கொள்கையாக வளர்த்தார்.

1946 நவம்பரில் வின்சென்ட் சேஃபர் வானூர்தியிலிருந்து உலர்பனிக்கட்டியை முகிலில் தூவினார். அதே மாதத்தில், பனியின் படிக அமைப்பை ஒத்த வெள்ளி அயோடைடும் இப்பணிக்கு உதவும் என்று பெர்னார்ட் வானகட் கண்டார். முகில் விதைப்பு ஒரு தொழிலாகப் பரவியது. ஆயினும் ஓர் ஐயம் தீரவில்லை. விழுந்த பனி விதைத்ததால் விழுந்ததா? விதைக்காவிடினும் விழுந்திருக்குமா? முகிலின் நீர் இருப்பை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது.

அவ்வறிவைத் தந்த கருவிகளுள் இரண்டைக் குறிப்பிடுவோம். ஒன்று, நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிரும் சிறு உலோகத் தண்டு. மீக்குளிர் துளிகள் அதன்மேல் பட்டவுடன் உறைய, எடை கூடி அதிர்வெண் தாழும். மற்றொன்று, நுண்ணலைக் கதிர்வீச்சுமானி. முகிலிலுள்ள நீர்மம் இயல்பாக உமிழும் நுண்ணலையை அது தரையிலிருந்தே உணரும். பனிப்படிகம் உமிழ்வது மிகச் சொற்பமாதலால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. 1980களில் சியரா நெவாடா மலைத்தொடரில் இத்தகைய கருவிகள் புயல்தோறும் இயங்கின. மீக்குளிர் நீர் புயல் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை மாறுகிறது என்பது தெளிவாயிற்று. பொருத்தமான வேளை அறியாது தூவிய விதை வீண் என்பதும் அதனால் விளங்கிற்று.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடஹோ மாநிலத்து மலைகளில் நிகழ்ந்த ஆய்வில், வானூர்தி வெள்ளி அயோடைடு தூவிச் சென்ற தடத்திற்கு இணையாகப் பனிக்கோடுகள் தோன்றுவதை ரேடார் காட்டியது. சனவரி 19ஆம் நாள் அவ்வாறு உண்டான பனி ஏறத்தாழ 67 நிமிடங்கள் விழுந்தது. தரையில் சேர்ந்ததோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே. இயற்கைப் பனிப்பொழிவு மிகக் குறைவாயிருந்ததாலேயே இதனையும் தனித்துக் காண முடிந்தது.

சேஃபரின் பறப்புக்கும் இவ்வளவீட்டுக்கும் இடையே 70 ஆண்டுகள் உள்ளன. அக்காலமெல்லாம் ‘பனி பெய்வித்தோம்’ என்னும் பேச்சுக்குக் குறைவிருந்ததில்லை. குறைந்திருந்தது அதனைச் சோதிக்கும் அளவே. கிடைத்த அளவு சிறிதாயினும், வறண்ட நிலத்தார் தம் நீரைத் திட்டமிடுதற்கு அச்சிறு எண்ணே நம்பத்தக்க துணை என்று கருதுகிறோம்.